ஏஐ கையில் சர்வரைக் கொடுக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூர் அலுவலக ஐடி பிரிவுகளில் ஏஐ கருவிகளைக் கொண்டுவருவது பற்றித்தான் இந்த முறை நிறையக் கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, ஊர்ப்பெயர் மட்டும் போட்டிருக்கிறேன். நிறுவனப் பெயர் எதுவும் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள், அப்படியே செய்திருக்கிறேன்.

கேள்வி (பொங்கோல்): சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் ஐடி மேலாளராக இருக்கிறேன். குழுவில் மொத்தமே ஒன்பது பேர். முதலாளி ஒரு கண்காட்சிக்குப் போய்வந்ததிலிருந்து, ஆண்டு முடிவதற்குள் சர்வர்களைக் கண்காணிக்கும் ஏஐ கருவி வாங்கியே ஆகவேண்டும் என்கிறார். விற்க வந்தவர்களோ கோளாறு எச்சரிக்கைகள் (அலர்ட்) பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்கிறார்கள். நம்பலாமா? எதைக் கேட்டு வாங்குவது?

பதில்: அலர்ட் குறையும், அதை நம்பலாம். ஆனால் அலர்ட் குறைவதும் கோளாறு குறைவதும் ஒன்றில்லை. முதலாளியிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த வகைக் கருவிகளுக்கு கார்ட்னர் ஆய்வு நிறுவனம் 2016 வாக்கில் ஏஐஆப்ஸ் என்று பெயர் வைத்தது. சாட்ஜிபிடி வருவதற்கு வெகு முன்பே இருந்த விஷயம். இது என்ன செய்கிறது என்பதற்கு உங்கள் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 2 மணிக்கு டேட்டாபேஸ் சர்வரில் லாக் கோப்புகள் (நடப்பதையெல்லாம் பதிவு செய்பவை) பெருகி டிஸ்க் நிரம்பிவிடுகிறது. டேட்டாபேஸ் மேற்கொண்டு எழுத முடியாமல் நிற்கிறது, அதை நம்பியிருக்கும் ஆர்டர் அப்ளிகேஷன் டைம்அவுட் ஆகிறது, கிடங்கில் உள்ள ஸ்கேனர்கள் ஒவ்வொன்றாகத் துண்டித்துக்கொள்கின்றன, வாடிக்கையாளர் பார்க்கும் வலைத்தளம் பிழை காட்டுகிறது, ஒவ்வொரு கண்காணிப்புக் கருவியும் தன் பங்குக்கு அலர்ட் அனுப்ப, அன்றைக்கு ஆன்கால் (அவசர அழைப்புப் பொறுப்பு) பார்ப்பவரின் கைப்பேசியில் நூற்றுக்கணக்கில் வந்து குவிகிறது. 'டிஸ்க் நிரம்பிவிட்டது' என்ற அந்த ஒரே ஒரு செய்தி நடுவில் எங்கோ புதைந்து கிடக்கும். அலர்ட்கள் வந்த நேரத்தையும், எது எதை நம்பி ஓடுகிறது என்பதையும் வைத்து, எல்லாவற்றையும் ஒரே சம்பவமாகக் கட்டி 'ஆரம்பம் இங்கே' என்று காட்டுவதுதான் கருவியின் வேலை. நன்றாக அமைந்தால் உண்மையிலேயே உதவும், உங்கள் ஆட்கள் ராத்திரியில் தூங்குவார்கள்.

ஆனால் எது எதை நம்பி ஓடுகிறது என்பது அதற்கு எப்படித் தெரியும்? பாதியைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். மீதி உங்களிடமிருக்கும் பட்டியலிலிருந்துதான் வரவேண்டும். எப்போதோ அணைத்துப் போட்ட சர்வர் இன்னும் பட்டியலில் இருக்கிறது, போன மாதம் க்ளவுடில் ஏற்றியது பட்டியலில் இல்லை, இன்ன சர்வருக்கு யார் பொறுப்பு என்ற கட்டத்தில் வேலையை விட்டுப் போனவரின் பெயர் நிற்கிறது என்றால், அந்தக் குழப்பத்தை அப்படியே வாங்கிக்கொண்டு அது தப்பான இடத்தைக் கைகாட்டும்.

பழைய டிக்கெட்களையும், அதாவது ஒவ்வொரு கோளாறுக்கும் போட்ட புகார்ப் பதிவுகளையும், எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் டிக்கெட் மூடும்போது எழுதுவது இதுதான்: 'ரீஸ்டார்ட் செய்தோம், ஓகே.' ஏன் நின்றது, எந்த சர்வீஸ், ரீஸ்டார்ட்டுக்கு முன் என்ன பார்த்தீர்கள், எதுவுமே இல்லை. இப்படிப்பட்ட ஆயிரம் டிக்கெட்களைப் படிக்கும் கருவி, எது வந்தாலும் ரீஸ்டார்ட் செய் என்றுதான் கற்றுக்கொள்ளும். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு மூன்று மாதம், காரணத்தையும் செய்த வேலையையும் நான்கு வரியில் எழுதினால்தான் டிக்கெட்டை மூடலாம் என்று வைத்துப்பாருங்கள். காசு செலவில்லை, கருவி வாங்காமல் போனாலும் வீணாகாது.

விற்பவர்களிடம் ஒன்று கேளுங்கள். அவர்களுடைய டெமோ வேண்டாம், உங்கள் அலுவலகத்தில் கடைசியாக நடந்த பெரிய கோளாறு ஒன்றின் லாக்குகளை, அடையாளங்களை நீக்கிவிட்டு, முடிவைச் சொல்லாமல் கொடுங்கள். கருவி எத்தனை மணிக்கு எதைச் சொல்லியிருக்கும் என்று காட்டட்டும். உங்கள் ஆட்கள் கண்டுபிடித்த நேரத்தோடு ஒப்பிட்டால் விலை நியாயமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். இதற்குத் தயங்குகிறவர்களிடம் நான் வாங்கமாட்டேன்.

இன்னொன்று, உங்கள் தொழிலுக்கு முக்கியமானது. வழக்கமான நாள் எப்படி இருக்கும் என்று கற்றுக்கொண்டு, அதிலிருந்து விலகினால் கத்துவதுதான் இந்தக் கருவிகளின் அடிப்படை. நவம்பர் 11 தள்ளுபடி விற்பனையும் சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரமும் உங்களுக்கு வழக்கமான நாளா? ஜூலையில் நிறுவி செப்டம்பர் வரை படித்த கருவிக்கு நவம்பர் 11 ஒரு பேரிடராகத்தான் தெரியும். அன்றைக்குப் பொய் அலர்ட்டாக வந்து குவிந்தால், அதற்கப்புறம் அது உண்மையைச் சொன்னாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஒரு முழுச் சுற்று ஓடி முடியும்வரை பழைய எச்சரிக்கை அளவுகளை எடுத்துவிடாதீர்கள்.

விலையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். அனுப்பும் லாக்கின் அளவுக்கு ஏற்பக் காசு என்றால், டீபக் லாக்கை (பிழை தேடுவதற்காக எல்லாவற்றையும் விரிவாகப் பதிவு செய்வது) யாரோ ஒருவர் மறந்து திறந்து வைத்த மாதம் பில் எகிறிவிடும்.

கேள்வி (தெம்பனிஸ்): கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்வதோடு நிற்காமல், தானே சரியும் செய்துவிடும் ஏஐ ஏஜென்ட்கள் வந்துவிட்டன. எங்கள் இயக்குநர் அதற்கு முழு அனுமதி கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. நான்தான் பழைய காலத்து ஆளா?

பதில்: உங்கள் பயம் சரியான பயம். விட்டுவிடாதீர்கள்.

மூன்று சம்பவங்களை இயக்குநரிடம் சொல்லுங்கள். முதல் இரண்டில் ஏஐ கிடையாது, அதனால்தான் அவற்றை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் ஆபத்து ஏஐயில் ஆரம்பிக்கவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுக்க நின்றன. வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பை மொத்தமாகத் துண்டித்தது. தப்பான கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் ஒரு பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. அடுத்து நடந்ததைக் கவனியுங்கள்: தரவு மையங்களோடு பேச முடியவில்லை என்று கண்ட டிஎன்எஸ் சர்வர்கள் (வலைத்தளப் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தருபவை), தங்களிடம்தான் கோளாறு போலிருக்கிறது என்று, வடிவமைத்தபடியே, தங்களைத் தாங்களே இணையத்திலிருந்து விலக்கிக்கொண்டன. தானாக நடக்கும் பாதுகாப்பு ஏற்பாடே கோளாறைப் பெரிதாக்கியது. சரிசெய்யப் போன பொறியாளர்களுக்கோ வழக்கமாக உள்ளே நுழையும் கருவிகளும் வேலை செய்யவில்லை.

இரண்டாவது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் கையால் செக்இன் செய்ய வேண்டிவந்த நாள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு அப்டேட் நம் நேரப்படி பகல் 12:09க்கு வெளியானது, 1:27க்குத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்துவிட்டன. அப்டேட்டைத் திரும்பப் பெற்றதால் விழுந்த கணினி எழுந்துவிடவில்லை, பெரும்பாலானவற்றில் ஆளே போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்தக் கோப்பை நீக்க வேண்டியிருந்தது. பத்துக் கணினிக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்பியிருந்தால் பத்தோடு போயிருக்கும்.

மூன்றாவதில்தான் ஏஐ வருகிறது. 2025 ஜூலையில் ரெப்லிட் என்ற மென்பொருள் எழுதும் தளத்தின் ஏஐ ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லி வைத்திருந்த நேரத்திலேயே ஒருவருடைய நேரடிப் பயன்பாட்டில் இருந்த டேட்டாபேஸை அழித்துவிட்டது. அதோடு விடாமல், பழைய நிலைக்குத் திரும்ப முடியாது என்றும் சொன்னது. அதுவும் தப்பு, திரும்ப முடிந்தது. அழித்ததைவிட இரண்டாவதாகச் சொன்னதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனென்றால் ராத்திரி 3 மணிக்கு அரைத் தூக்கத்தில் அந்தப் பதிலைப் படிப்பவர் நம்பிவிடுவார்.

அப்படியானால் என்ன செய்யலாம்? ஏஜென்ட் செய்யக்கூடிய ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு கேள்வி போதும்: தப்பாகப் போனால் திரும்ப முடியுமா, எவ்வளவு நேரத்தில்? தற்காலிகக் கோப்புகளை அழிப்பது, இரண்டு சர்வர் இருக்கும் இடத்தில் மூன்றாவதைச் சேர்ப்பது, தொங்கி நிற்கும் ஒரு சர்வீஸை, அதற்கு மாற்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது, ரீஸ்டார்ட் செய்வது, இவற்றையெல்லாம் தாராளமாகக் கொடுங்கள். ஃபயர்வால் விதி, டேட்டாபேஸ் அமைப்பு, பயனர் அனுமதி, பேக்கப், இந்த நான்கிலும் ஏஜென்ட் பரிந்துரை எழுதட்டும், பொத்தானை அழுத்துவது பெயரும் பொறுப்பும் உள்ள ஒரு ஆளாக இருக்கட்டும். 'அழிக்காதே' என்று வார்த்தையில் சொல்லி வைப்பது பாதுகாப்பு ஆகாது, அந்த ஏஜென்ட்டின் கணக்குக்கு அழிக்கும் உரிமையே இருக்கக்கூடாது. உங்கள் இயக்குநரிடம் இந்த ஒரு வாக்கியத்தையாவது வாங்கிவிடுங்கள்.

கேள்வி (பிடோக்): வங்கி ஒன்றில் தொழில்நுட்ப இடர் மேலாண்மையில் இருக்கிறேன். ஏஐ கண்காணிப்பு வந்துவிட்டால், நாணய ஆணையத்தின் விதிகளைச் சமாளிப்பது எளிதாகிவிடும் என்று எங்கள் பிரிவில் பேச்சு. உங்கள் கருத்து?

பதில்: விதிகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். முக்கியமான சிஸ்டம் ஒவ்வொன்றும் எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் திட்டமிடாமல் நின்ற நேரம் மொத்தம் 4 மணியைத் தாண்டக்கூடாது. பெரிய சம்பவத்தைக் கண்டுபிடித்த ஒரு மணி நேரத்துக்குள் சிங்கப்பூர் நாணய ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், 14 நாளில் மூல காரண அறிக்கை கொடுக்க வேண்டும்.

சீக்கிரம் கண்டுபிடிக்கவும் அறிக்கைக்கான காலவரிசையைத் தொகுக்கவும் ஏஐ நிச்சயம் உதவும். ஆனால் 2023 அக்டோபர் 14 சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். ஈக்வினிக்ஸ் தரவு மையத்தில் குளிரூட்டும் அமைப்பில் மேம்பாட்டு வேலை நடந்தபோது, ஒப்பந்ததாரர் தப்பான சிக்னல் கொடுத்துக் குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகள் மூடிக்கொண்டன, அறை சூடேறியது, டிபிஎஸ், சிட்டிபேங்க் வங்கிகளின் சேவைகள் நின்றன. இரண்டும் சேர்ந்து சுமார் 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நடக்காமல் போயின. சூடேறியது என்று கண்டுபிடிக்க ஏஐ தேவைப்படவில்லை, தெரிந்துதான் இருந்தது. மாற்று மையத்துக்கு மாறப்போன இடத்தில்தான் சிக்கல்: ஒன்றில் வலையமைப்பு தப்பாக அமைக்கப்பட்டிருந்தது, இன்னொன்றில் இணைப்புப் பிரச்சினை. பிறகு டிபிஎஸ்ஸுக்கு, அந்த ஆண்டு முழுக்க நடந்த தடங்கல்களையும் சேர்த்து, அத்தியாவசியமில்லாத ஐடி மாற்றங்களை ஆறு மாதம் நிறுத்தி வைக்கச் சொன்னது ஆணையம்.

முழு மையமும் போய்விட்டது என்று வைத்து உண்மையாகவே மாறிப் பார்க்கும் ஒத்திகைக்கு ஈடான கருவி இதுவரை சந்தையில் இல்லை. உங்கள் பிரிவில் ஏஐக்கு ஒதுக்கும் பணம் அந்த ஒத்திகையின் பட்ஜெட்டிலிருந்து வருகிறது என்றால், அதை எழுத்தில் எதிர்த்து வையுங்கள்.

கேள்வி (சுவா சூ காங்): அண்ணா, எரர் வந்தால் லாக்கை அப்படியே காப்பி செய்து சாட்ஜிபிடியில் போட்டுக் கேட்டுவிடுகிறேன். டீமில் எல்லோரும் அப்படித்தான். இதில் தப்பு உண்டா?

பதில்: உண்டு தம்பி. அந்த லாக்கை ஒருமுறை மேலிருந்து கீழே பொறுமையாகப் படித்துப் பார். வாடிக்கையாளரின் மின்னஞ்சல், கைப்பேசி எண், சில இடங்களில் அடையாள அட்டை எண்கூட இருக்கும். உள் சர்வர்களின் ஐபி, அதிர்ஷ்டம் கெட்டால் பாஸ்வேர்டோ டோக்கனோ இருக்கும். சொந்தக் கணக்கில் அதை ஒட்டினால், நிறுவனத்தின் தகவல் நிறுவனத்துக்குத் தெரியாமல் வெளியே போகிறது. 2023-ல் சாம்சங் ஊழியர்கள் மூலக் குறியீட்டை இப்படி ஒட்டிவிட்டதால் அந்த நிறுவனம் இத்தகைய கருவிகளையே தடை செய்தது. இங்கே தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது, 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். நிறுவனமே ஒப்பந்தம் போட்டுத் தரும் கணக்கைக் கேட்டு வாங்கு. அதுவரை எரர் வரியை மட்டும் எடுத்து, பெயர், எண், முகவரியை மாற்றிவிட்டுக் கேள். பாஸ்வேர்டு ஏற்கெனவே எங்காவது போயிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் இன்றைக்கே மாற்றச் சொல், பயந்து மூடி வைக்காதே.

கேள்வி (உட்லண்ட்ஸ்): எனக்கு 43 வயது. பதினைந்து ஆண்டுகளாக சர்வீஸ் டெஸ்க்கில் இருக்கிறேன். பாஸ்வேர்டு ரீசெட், டிக்கெட்டை உரிய குழுவுக்கு அனுப்புவது, இவற்றையெல்லாம் இப்போது பாட் (தானாகப் பதில் சொல்லும் மென்பொருள்) செய்கிறது. எனக்கு வேலை இருக்குமா? உண்மையைச் சொல்லுங்கள்.

பதில்: உண்மையைச் சொல்கிறேன் சகோதரி. நீங்கள் குறிப்பிட்ட அந்த இரண்டு வேலைகளும் திரும்பி வராது. எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் அதே கதைதான்.

ஆனால் பதினைந்து ஆண்டில் நீங்கள் சேர்த்து வைத்திருப்பது பாஸ்வேர்டு ரீசெட் மட்டும் இல்லை. 'சிஸ்டம் ஸ்லோ' என்று கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் கூப்பிட்டால், மாதக் கடைசி, அறிக்கை ஓடுகிறது, அதனால்தான் என்று உங்களுக்கு உடனே தெரியும். அது எந்த டிக்கெட்டிலும் எழுதப்படவில்லை. பாட்டுக்குக் கற்றுக்கொடுக்க நிறுவனத்துக்கு இப்போது அதுதான் தேவை. ரன்புக் (எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது என்ற வழிகாட்டி) எழுதுகிறவர், பாட் கொடுத்த பதில்களை வாராவாரம் சோதிக்கிறவர், அது தோற்ற டிக்கெட்களை எடுத்து ஏன் தோற்றது என்று பார்க்கிறவர் என்று ஒரு வேலை பல இடங்களில் உருவாகி வருகிறது. நீங்களே மேலாளரிடம் போய், பாட் தப்பாகப் பதில் சொன்ன இருபது டிக்கெட்டை எடுத்து வைத்து, இவற்றை நான் சரிசெய்கிறேன் என்று கேளுங்கள். அவர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம்.

படிக்க வேண்டியது: லாக் வாசிப்பது, அடிப்படை எஸ்க்யூஎல், லினக்ஸ், கொஞ்சம் பைத்தான், இந்த வரிசையில். நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகள் என்றால், 40 வயதானவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து கொடுக்கும் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சி நிதி உங்கள் கணக்கில் இருக்கும். தகுதியுள்ள முழுநேரப் படிப்பாக எடுத்தால் மாதம் 3,000 வெள்ளி வரை பயிற்சிப் படியும் உண்டு. 'ஏஐ நிபுணராகுங்கள்' என்று இரண்டு நாள் வகுப்புக்கு அதைக் கரைத்துவிடாதீர்கள், கணினி முன் உட்கார்ந்து கைப்படச் செய்ய வைக்கும் படிப்பாகப் பாருங்கள்.

நிறுவனங்களுக்கும் இதில் ஒரு வார்த்தை. கீழ்நிலை வேலை முழுவதையும் பாட்டுக்குக் கொடுத்துவிட்டால், நாளைக்குக் கடினமான கோளாறுகளைப் பார்க்கும் மூன்றாம் நிலைப் பொறியாளர் எங்கிருந்து வருவார்? எல்லோரும் அந்தச் சின்ன டிக்கெட்களில்தான் தொழில் கற்றார்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு, ஏஐ துணை இல்லாமல் ஒரு பங்கு டிக்கெட்டையாவது ஒதுக்கிக் கொடுங்கள். இதை நான் வற்புறுத்தியே கேட்கிறேன்.

கேள்வி (பூன் லே): எங்கள் நிறுவன ஊழியர்களில் பாதிப்பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஐடி உதவி சாட்பாட் தமிழில் பதில் சொல்லுமா?

பதில்: சொல்லும். பெரிய மாடல்கள் எல்லாமே தமிழ் பேசுகின்றன, ஏஐ சிங்கப்பூர் உருவாக்கிய சீ-லயன் மாடலிலும் தமிழ் உண்டு. ஆனால் நம் ஆட்கள் கைப்பேசியில் 'otp varala anna' என்று ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள் என்பதை மறக்காமல், அப்படித் தட்டிய உண்மையான வாக்கியங்களை வைத்தே சோதித்துப் பாருங்கள். மனித உதவிக்குப் போகும் வழி முதல் திரையிலேயே இருக்க வேண்டும்.

கேள்வி (சிராங்கூன் சாலை): எனக்கு ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடை. கணினி மொத்தம் பன்னிரண்டு. மாதச் சந்தாவில் ஏஐ கண்காணிப்பு போட்டுத் தருகிறோம் என்று விடாமல் கூப்பிடுகிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. பன்னிரண்டு கணினிக்கு அது தேவையில்லை. அந்தப் பணத்தில் எல்லாக் கணக்குக்கும் இரண்டடுக்கு உள்நுழைவு, விண்டோஸ் அப்டேட், கடைக்கு வெளியே ஒரு பேக்கப், இந்த மூன்றையும் செய்து முடியுங்கள். இணையப் பாதுகாப்பு அமைப்பின் சைபர் எசென்ஷியல்ஸ் திட்டத்தில் சிறு நிறுவனங்களுக்கான பட்டியல் இருக்கிறது, உங்கள் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பையனிடம் அதைக் காட்டி எது முடிந்தது, எது பாக்கி என்று கேளுங்கள். பேக்கப் இருக்கிறது என்று அவர் சொன்னால், போன மாதத்து பில் ஒன்றை அதிலிருந்து எடுத்து உங்கள் கண்ணெதிரே திறந்து காட்டச் சொல்லுங்கள்.